மெதுவாகப் போனால்தான் கொதிக்கும்: ஏடிவி இன்ஜின் சூடேறாமல் காப்பது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம், சுற்றிலும் செந்நிறப் பாறைகள், ஜூலை மாதப் பகலில் 38 டிகிரி வெயில் சாதாரணம். பாறை ஏறும் வண்டிக்காரர்களுக்கு அது ஒரு தலம். அங்கே முதன்முதலாக ஏடிவி என்ற நான்கு சக்கரக் காட்டுப்பாதை வண்டியை ஓட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தில் குழம்பிப்போவார்கள். சமதள மண் சாலையில் உச்சி வெயிலில் 60 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டும்போது வெப்பநிலை அசையாமல் இருக்கும். அதே வண்டி காலைக் குளிரில் பாறைச் சரிவொன்றில் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டர் விசிறி அலறத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கும் எரியும். வேகமாகப் போனால்தான் இன்ஜின் சூடாகும் என்று நம்பியிருந்தவருக்கு ஒன்றும் புரியாது.

இன்ஜின் எவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது என்பது அது எவ்வளவு பாடுபடுகிறது என்பதைப் பொறுத்தது. முந்நூறு நானூறு கிலோ எடையை ஆளோடு சேர்த்துச் செங்குத்தாகத் தூக்குவது பெரும்பாடு. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டிய காற்றோ வண்டி ஓடும் வேகத்தில்தான் வந்து மோதும். ஊர்ந்து ஏறும்போது பாடு கூடுகிறது, காற்று குறைகிறது. ஏடிவி சூடேறும் சிக்கலில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் எல்லோரும் திட்டும் அளவுக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டர் 95 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. வெளியே 38 டிகிரி என்றால் வித்தியாசம் 57. ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தே அமைகிறது என்பதால், கொளுத்தும் வெயிலில் அதன் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அவ்வளவுதான். ரேடியேட்டர் முகத்தில் பாதியைச் சேறு அடைத்துவிட்டால் ஏற்படும் இழப்பு அதைவிடப் பெரியது. வெயிலை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. சேற்றைச் செய்ய முடியும்.

சூடு போகும் வழி

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், பல நேரங்களில் அதற்கும் குறைவாகத்தான், வண்டியை நகர்த்தும் வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பெரும்பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மிச்சமுள்ளது இன்ஜினின் உலோகத்தில் இறங்குகிறது. அதை ஓயாமல் வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் சிலிண்டரின் தலைப்பகுதி கோணிக்கொள்ளும், அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கும் காஸ்கெட் போய்விடும், பிஸ்டன் விரிந்து சிலிண்டருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பட்டறைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால் புதிய வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

இன்றைய பெரிய ஏடிவிகள் பெரும்பாலும் திரவத்தால் குளிர்விக்கப்படுபவை. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர், யமஹா கிரிஸ்லி எல்லாம் இந்த வகை. கூலன்ட் என்ற திரவம் இன்ஜினைச் சுற்றியுள்ள துவாரங்களில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு இருக்கிறது. இன்ஜின் தேவையான அளவு சூடாகும்வரை அது மூடியிருந்து, பிறகு திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்களும், அவற்றுக்கு இடையே கொசுவிக் கொசுவி வைத்த அலுமினியத் தகடுகளும் சேர்ந்தது. அந்தத் தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து வெளியேறும்போது சூடும் வெளியேறுகிறது. வண்டியின் வேகம் போதாதபோது காற்றை இழுக்க ரேடியேட்டரின் பின்னால் ஒரு மின்விசிறி இருக்கிறது.

ஆக, கூலன்ட் போதிய அளவு இருக்க வேண்டும், அது சுற்றி ஓட வேண்டும், ரேடியேட்டர் வழியே காற்றும் போக வேண்டும். காரிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் காருக்கு அகலமான ரேடியேட்டர் உண்டு, சுத்தமான தார்ச்சாலையும் உண்டு. ஏடிவியின் ரேடியேட்டரோ ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில், முன் சக்கரங்களுக்கு நடுவே, அவை வாரி இறைக்கும் எல்லாவற்றையும் முகத்தில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சேறு

மோவாபின் எதிரி செங்குத்துப் பாறை என்றால், நாட்டின் மறுபக்கம் மேற்கு வர்ஜீனியாவின் எதிரி சேறு. அந்த மாநிலத்தின் தென்பகுதியில், நிலக்கரிச் சுரங்க மலைகளுக்கு நடுவே, ஹாட்ஃபீல்ட்-மெக்காய் பாதைகள் என்ற பெயரில் ஏடிவிகளுக்கென்றே ஒரு பாதைத்தொகுதி 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பகைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்களின் பெயர் அது. இன்று அந்தப் பாதைகளின் மொத்த நீளம் 1,000 மைலைத் தாண்டும், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல். மழை அதிகம், களிமண் அதிகம், பாதை நெடுகக் குட்டைகளும் அதிகம்.

குட்டைக்குள் இறங்கி ஏறும்போது சேற்று நீர் ரேடியேட்டர் முகத்தில் அறைகிறது. பின்னாலிருக்கும் விசிறி காற்றை இழுப்பதுபோலவே இந்தச் சேற்றையும் தகடுகளுக்கு உள்ளே இழுத்துவிடுகிறது. ரேடியேட்டரின் சொந்தச் சூடு அதை அங்கேயே காயவைக்கிறது. அடுத்த குட்டையில் இன்னொரு பூச்சு. மதியத்துக்குள் தகட்டு இடைவெளிகள் கெட்டித்துப்போயிருக்கும். ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. முன்பக்கம் பிளாஸ்டிக் வலை மறைத்திருக்கும். வலைக்கு வெளியே தெரிவது நனைந்து பளபளப்பாகவே இருக்கும்.

அதனால் வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. டார்ச் விளக்கை ரேடியேட்டரின் பின்னால், விசிறி இறக்கைகளுக்கு இடையே பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்து குனிந்து பாருங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாக முகம் முழுவதும் தெரிய வேண்டும். இருட்டுத் திட்டுகள் தெரிந்தால் அங்கே காற்றுக்கு வழியில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்லிய தாள் ஒன்றை ரேடியேட்டர் முன்னால் கொண்டுபோனால் அது இழுத்து ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே சரிந்து விழுந்தால் அந்த இடம் அடைபட்டிருக்கிறது. சேறே இல்லாத வறண்ட புல்வெளிகளில்கூட இந்தச் சோதனை வேண்டியிருக்கும். புல் விதை, பஞ்சுப் பூ, செத்த பூச்சி எல்லாம் ரேடியேட்டரின் மேல் மெத்தையாகப் படிந்துவிடும்.

கழுவும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். நாள் முழுக்கச் சேற்றில் உழன்ற வண்டியை நேரே பிரஷர் வாஷர் முன்னால் நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து சரமாரியாக அடிப்பார்கள். அலுமினியத் தகடுகள் காகிதக் கனம்தான் இருக்கும். அந்த அழுத்தத்தில் மடிந்து படுத்துவிடும். மடிந்த தகடு சேற்றைவிட மோசம், அது தண்ணீரில் கரையாது. முன்பக்கத்திலிருந்து அடிப்பதால் உள்ளே இருக்கும் சேறும் இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்படும்.

சரியான முறைக்குப் பொறுமை மட்டும் வேண்டும். முதலில் இன்ஜின் ஆறட்டும். முன்பக்க வலையைக் கழற்றுங்கள், பெரும்பாலான வண்டிகளில் சில கிளிப்புகளோ திருகுகளோதான். சாதாரணத் தோட்டக் குழாயில் தண்ணீரை மெதுவாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராக, விடுங்கள். காய்ந்த சேறு என்றால் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி விடுங்கள். முதலில் காபி நிறத்தில் வழியும். சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். அப்போது நிறுத்திவிடாதீர்கள். ஓரங்களிலும், விசிறிக் கூண்டு மறைக்கும் மூலைகளிலும் தண்ணீரைத் திருப்பினால் மறுபடி கலங்கலாக வரும். அந்த மூலைகளிலும் தெளிந்து வரும்வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மடிந்த தகடுகளை அதற்கென்று விற்கும் சீப்பாலோ, தட்டையான சிறு ஸ்குரூ டிரைவராலோ ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். குழாயைக் குத்திவிடாமல் நிதானமாகச் செய்ய வேண்டும்.

சேறு ஈரமாக இருக்கும் அன்று மாலையே இதைச் செய்தால் பத்து நிமிட வேலை. அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டால் ஒரு பிற்பகலே போய்விடும். பாதையிலேயே சமாளிக்கச் செடிகளுக்குத் தெளிக்கும் சிறிய கைத்தெளிப்பான் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வண்டியின் பின்னால் கட்டிக்கொள்வது நல்ல வழக்கம். பெரிய குட்டை ஒன்றைக் கடந்த பிறகு நிறுத்தி, இன்ஜினை அணைத்து, விசிறிப் பக்கத்திலிருந்து பீய்ச்சினால் பாதிச் சேறு வந்துவிடும். (பூச்சிமருந்து அடித்த பழைய தெளிப்பானை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.)

சேற்றிலேயே குளிப்பதற்காக ஏடிவி வாங்குகிறவர்கள் டெக்சாஸ், லூசியானா பக்கம் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் ரேடியேட்டரை அதன் இடத்திலிருந்து எடுத்து, முன்பக்கச் சாமான் தட்டின் மேல் ஏற்றிவிடுவதுண்டு. அதற்கென்றே தாங்கிகளும் நீள ஹோஸ்களும் விற்கிறார்கள். சேறு உயரே எட்டுவதில்லை என்பதால் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை காட்டுப்பாதைக்குப் போகிறவருக்கு அது தேவையற்ற செலவு. ஒரு குழாயும் ஒரு டார்ச்சும் போதும்.

விசிறி ஓடுகிறதா?

ஊர்ந்து போகும் வண்டிக்கு விசிறிதான் காற்று. அது நின்றுபோனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஆனால் புறப்படும் முன் டயரில் காற்று பார்க்கிறவர்களில் எத்தனை பேர் விசிறியைப் பார்க்கிறார்கள்?

பார்ப்பது எளிது. இன்ஜின் அணைந்திருக்கும்போது இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்று தேய்ந்தால் மோட்டாருக்குள் சேறு போயிருக்கிறது. பிறகு வண்டியை நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருங்கள். கூலன்ட் 90 டிகிரியைத் தாண்டி ஏறும்போது விசிறி தானாகச் சுற்றத் தொடங்க வேண்டும். எந்த வெப்பநிலையில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து மின் இணைப்பு முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், கடைசியாக வெப்பநிலை சென்சார். விலை உயர்ந்ததை முதலில் மாற்றிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஃபியூஸைப் பார்க்கிறவர்கள் உண்டு.

விசிறி மோட்டாரை மாற்றியிருந்தால் அது எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பிகளும் இடம் மாறிப்போனால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும், வண்டி மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆழமான தண்ணீரில் இறங்கினால் இறக்கைகள் வளைந்து ரேடியேட்டரைச் சுரண்டவும் கூடும்.

கூலன்ட்டும் மூடியும்

லாரி ஓட்டுநர்கள் வழியோரம் நிறுத்தி ரேடியேட்டரில் குடம் குடமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூலன்ட் ஓர் ஆடம்பரமாகத் தோன்றும். சூட்டைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீர் உண்மையில் கூலன்ட் கலவையைவிட மேலானதுதான். ஆனால் அது 100 டிகிரியில் கொதித்துவிடும், பூஜ்யத்தில் உறைந்துவிடும், அலுமினியத்தை அரிக்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்து நுண்குழாய்களை அடைக்கும். எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை 107 டிகிரியை ஒட்டி உயர்கிறது, உறைநிலை மைனஸ் 37 வரை இறங்குகிறது. கூடவே துரு தடுக்கும் பொருள்களும் அதில் இருக்கின்றன. கிளைக்காலை மேலும் கூட்டினால் குளிர்ச்சி கூடும் என்று நினைப்பது தவறு. பாதியைத் தாண்டினால் சூட்டைச் சுமக்கும் திறன் இன்னும் குறையும்.

இது கொடிய விஷம், சுவையோ இனிப்பு. சிந்திய கூலன்ட்டை நாய்கள் நக்கிக் குடித்துச் செத்துப்போவது உண்டு. தரையில் சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

107 டிகிரி போதுமா? பாறை ஏறும்போது போதாது. இங்கேதான் ரேடியேட்டர் மூடி வேலைக்கு வருகிறது. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் அதே காரியத்தைத்தான் அதுவும் செய்கிறது. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்து, திரவம் கொதிக்கும் புள்ளியை உயர்த்துகிறது. ஏடிவி மூடிகள் பெரும்பாலும் 13 முதல் 16 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. அந்த அழுத்தத்தில் சரிபாதிக் கலவை 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்துப்போனால் இந்தக் கூடுதல் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

மலைமேல் இது இன்னும் முக்கியம். மோவாபுக்குக் கிழக்கே லா சால் மலைகளில் 3,000 மீட்டருக்கு மேலும் பாதைகள் ஏறுகின்றன. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றும் கால் பங்கு மெலிந்திருக்கும். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது இழுக்கும் காற்று சுமக்கக்கூடிய சூடு குறைவு. கீழே சமாளித்த பழுதான மூடி மேலே காட்டிக்கொடுத்துவிடும்.

மூடியைச் சோதிக்கக் கருவி உண்டு. ஆனால் பக்கத்திலிருக்கும் சிறு பிளாஸ்டிக் தொட்டியே நல்ல தகவல் தரும். சூடாகும்போது விரியும் கூலன்ட் அந்தத் தொட்டிக்குப் போகும். ஆறும்போது மூடியின் உள்வால்வு திறந்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் தொட்டி நிரம்பி, மறுநாள் காலையிலும் அப்படியே இருந்து, ரேடியேட்டர் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் மூடிமேல்தான் விழ வேண்டும். விலை குறைந்த பொருள், மாற்றிப் பார்த்துவிடலாம்.

ரேடியேட்டரில் ஊற்றினால் வெப்பநிலை அப்படியே இறங்கிவிடும் என்று சொல்லிச் சில திரவப் புட்டிகள் விற்கிறார்கள். சேறு அடைத்த ரேடியேட்டரில் அவற்றை ஊற்றிப் பயனில்லை, சுத்தமான ரேடியேட்டருக்கு அவை அநேகமாகத் தேவைப்படாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் வேறு, நம் ஊர்ப் பட்டறைகளிலும் இது உண்டு. கதவே இல்லாத இன்ஜின் சரியான வெப்பநிலைக்கு வரவே நேரமெடுக்கும், ஆயிலில் ஈரம் சேரும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா என்று அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. இன்ஜின் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் கதவு மூடியபடி சிக்கியிருக்கலாம். கெட்டிருந்தால் புதியதை மாட்டுங்கள்.

ஓட்டுகிறவர் கையில் இருப்பது

பெரும்பாலான பெரிய ஏடிவிகளில் கியர் பெட்டிக்கு முன்னால் ரப்பர் பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு இடையே சுற்றும் சிவிடி ஏற்பாடு இருக்கிறது. கியர் தேர்வில் உயர்நிலை, தாழ்நிலை என்று இரண்டு உண்டு. பாறை ஏறும்போதும் சேற்றில் உழும்போதும் உயர்நிலையிலேயே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவது புதியவர்களின் வழக்கம். பெல்ட் வழுக்கித் தேய்ந்து ரப்பர் கருகும் நாற்றம் வரும். இன்ஜின் குறைந்த சுழற்சியில் திணறும். போலாரிஸ் கையேடுகள் மணிக்கு 7 மைலுக்கும், அதாவது 11 கிலோமீட்டருக்கும், குறைவான வேகத்தில் போகும்போது தாழ்நிலையைப் போடச் சொல்கின்றன.

தாழ்நிலையில் இன்ஜின் அதிகச் சத்தம் போடுகிறதே, அதில் எப்படிக் குளிரும் என்று தோன்றலாம். வாட்டர் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுகிறது. இன்ஜின் சுழற்சி கூடினால் கூலன்ட் ஓட்டமும் கூடும். ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் தாங்கவேண்டிய சுமையும் குறையும். சத்தம் கூடினாலும் இன்ஜினுக்கு அது சுலபமான வேலை.

நீண்ட ஏற்றத்தின் உச்சியில் நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவதும் நல்லதில்லை. அந்த நொடியில் பம்ப் நிற்கிறது, ஆனால் உலோகத்தில் தேங்கிய சூடு போகவில்லை. அசையாமல் நிற்கும் கூலன்ட்டில் அது இறங்கி, வண்டி ஓடாதபோதே கொதிக்கவைக்கும். ஓரிரு நிமிடம் காற்று வரும் திசையைப் பார்த்து நிறுத்தி, இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, விசிறி நின்ற பிறகு அணைக்கலாம். நிறுத்தும் இடத்தில் காய்ந்த புல் இருக்கக் கூடாது. சைலன்சர் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும், மேற்கு அமெரிக்காவின் வறண்ட கோடையில் அது காட்டுத்தீயாகவே மாறலாம்.

காற்றால் குளிரும் சிறிய ஏடிவிகளுக்குக் கணக்கு வேறு. ஹோண்டா ரீக்கான் போன்றவற்றில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வரிகள்தான் சூட்டைக் காற்றில் விடுகின்றன. இவற்றைச் சும்மா நிற்கவைத்து நெடுநேரம் ஓடவிடக் கூடாது. மேலே சொன்ன ஓரிரு நிமிட ஓய்வும் இவற்றுக்குப் பொருந்தாது, நின்றால் அணைத்துவிடலாம். வரிகளுக்கு இடையே சேறு இருக்கக் கூடாது. ஆயிலும் இங்கே குளிர்விக்கும் வேலையில் பெரும்பங்கு எடுத்துக்கொள்வதால் அதன் அளவை ஒவ்வொரு சவாரிக்கும் முன் பார்ப்பது கட்டாயம்.

சேறு காய்ந்து பிரேக் இறுகிப்போவது, டயரில் காற்று குறைவாக இருப்பது, அளவுக்கு மீறிய பெரிய டயர் மாட்டுவது, கட்டிய சாமான்கள் ரேடியேட்டர் முகத்தை மறைப்பது எல்லாம் தனித்தனியே சிறியவை, சேர்ந்தால் இன்ஜினைக் கொதிக்கவைக்கப் போதும்.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால்

முதலில் சுமையைக் குறையுங்கள். சமதளமாக ஓரிடம் பார்த்து நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, விசிறி ஓடுகிறதா என்று காது கொடுங்கள். விசிறி ஓடி, ஆவியும் வராமல் இருந்தால் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஓரிரு நிமிடம் பொறுக்கலாம், வெப்பநிலை இறங்கும். விசிறி ஓடவில்லை, அல்லது ஆவி வருகிறது, அல்லது கீழே கூலன்ட் வழிகிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். கூலன்ட் இல்லாத இன்ஜினை ஓடவிடுவது ஒவ்வொரு நொடியும் கேடு.

அதன் பிறகு மூடியைத் தொடாமல் இருப்பதுதான் மிகக் கடினமான வேலை. கூட வந்தவர்களில் ஒருவருக்காவது அதைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடான திரவம் அழுத்தத்தால் மட்டுமே திரவமாக அடங்கியிருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அது ஆவியாகி முகத்துக்கு நேரே பாயும். குறைந்தது அரைமணி நேரமாவது ஆறட்டும். நேரத்தைவிட ரேடியேட்டரின் மேல் ஹோஸ் நம்பகமான சாட்சி. வெறுங்கையால் இறுக்கிப் பிடிக்க முடிய வேண்டும், பிடித்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. திறக்கும்போதும் தடித்த துணியை மேலே போட்டு, முகத்தை விலக்கி, முதலில் கால் திருகு மட்டும் திருகிச் சீறல் நிற்கும்வரை காத்திருங்கள்.

சூடான இன்ஜின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், காய்ந்துகிடக்கும் சூடான ரேடியேட்டருக்குள்ளும் ஊற்றாதீர்கள். ஒரே இடத்தில் சட்டென்று சுருங்கும் உலோகம் விரிசல் விடும். ஆறிய பிறகு, கூலன்ட் கையில் இல்லையென்றால், குடிநீரையே ஊற்றி ஊர் வந்து சேரலாம். இறங்குவழியாகப் பார்த்து, சுமையில்லாமல் வர வேண்டும்.

ஆனால் தண்ணீர் ஊற்றிக் கிளம்பியதும் மறுபடி குறைகிறது, எங்கும் ஒழுகவில்லை, சைலன்சரிலிருந்து இனிப்பு வாடையோடு வெண்புகை வருகிறது, அல்லது திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழிகள் எழும்புகின்றன என்றால் காஸ்கெட் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் பால் கலந்ததுபோல் வெளிறிய ஆயில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வண்டியை ஓட்டி வராதீர்கள், கயிறு கட்டி இழுத்து வாருங்கள்.

சும்மா கொதித்து அடங்கிய வண்டி என்றால் வீடு வந்ததும் அவசரத்துக்கு ஊற்றிய தண்ணீரை வடித்துவிட்டுச் சரிபாதிக் கலவையை நிரப்புங்கள். குளிர்நாடுகளில் இதைத் தள்ளிப்போட்டால் ஒரே இரவில் தண்ணீர் உறைந்து ரேடியேட்டர் பிளந்துவிடும். நிரப்பும்போது உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்தில் கூலன்ட் போகாது, மறுபடி சூடேறும். முன்சக்கரங்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும், அப்போது இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். குமிழிகள் நின்றதும் மூடியைப் போடலாம். மறுநாள் காலை இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரையும் தொட்டியையும் ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.